ஒரே மாதிரி இரண்டு கோப்பை

முதல் தடவையாக லாட்டே ஆர்ட் போட்டிக்குப் பெயர் கொடுக்கிற பிள்ளைகளிடம் "என்ன போடப் போறே?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது அன்னம். ஸ்வான். இன்ஸ்டாகிராமில் பார்த்திருப்பார்கள். விரித்த இறகு, வளைந்த கழுத்து, நுனியில் சின்னதாக ஒரு தலை. ராத்திரி கடை அடைத்த பிறகு நின்று நின்று பழகி, நன்றாக வந்த ஒன்றைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். காட்டுவார்கள். அழகாகத்தான் இருக்கும். "சரி, இதே மாதிரி இன்னொன்னு போடு" என்பேன். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது கோப்பையில் வருவது வாத்து. மூன்றாவதில் வருவது எந்தப் பறவை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

நான் ஹைதராபாத் ஜூபிலி ஹில்ஸில் ஒரு காபிக் கடையில் பாரிஸ்டாக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சொந்த ஊர் போடி. எங்கள் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் வாரங்கல், கம்மம் பக்கத்துப் பிள்ளைகள், ஒடிசாக்காரர்கள், மணிப்பூரிலிருந்து வந்த பெண்கள். ஊருக்குள் நடக்கும் சின்னப் போட்டிகளில் நடுவராக உட்காருவதும் உண்டு. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. முதல் போட்டியில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் கைத்திறன் போதாமல் தோற்பதில்லை. இந்தப் போட்டி எதற்கு மதிப்பெண் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே வந்து நிற்கிறார்கள்.

பத்மாராவ் நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு மாமி இருக்கிறார். பழைய செகந்திராபாத் தமிழ்க் குடும்பம். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் அந்த வீட்டில் பொழுது விடியாது. ஞாயிற்றுக்கிழமையும் நான் அவசரமாகக் கிளம்புவதைப் பார்த்து ஒருநாள் கேட்டார்.

"ஏண்டி, நுரையில இலை போடறதுக்கா போட்டி? குடிச்சுப் பாப்பாளோன்னோ?"

"இதுல குடிக்க மாட்டாங்க மாமி. பாக்குறதோட சரி."

"அப்போ அது என்னடி காபிப் போட்டி?"

நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. உண்மையில் இவை இரண்டு வேறு போட்டிகள். லாட்டே ஆர்ட் போட்டியில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. நுரை பளபளவென்று இருக்கிறதா, பழுப்பும் வெள்ளையும் பிரிந்து தெரிகிறதா, வடிவம் கோப்பையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமா, போட்டது எவ்வளவு கடினமானது என்று பார்ப்பார்கள். பாரிஸ்டா போட்டியில்தான் நடுவர்கள் குடித்துப் பார்க்கிறார்கள். அங்கே ருசி, கை சுத்தம், பேச்சு, பரிமாறும் விதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். மாமிக்கு இரண்டாவதுதான் போட்டி என்று தோன்றியது. எனக்கும் மனசுக்குள் அப்படித்தான். ஆனால் புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது லாட்டே ஆர்ட்டுக்கு. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த இலை எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடையில் லாட்டே வாங்கிக் குடிக்கிறவர்களில் பலர் அதை ஏதோ குச்சியால் வரைகிறார்கள் என்று நினைக்கிறார்கள். குச்சியால் வரைவதும் உண்டு, அதற்கு எட்சிங் என்று பெயர். போட்டியில் பெரிய மதிப்பு கையால் ஊற்றியே வரவழைப்பதற்குத்தான். எஸ்பிரெஸோ இறங்கும்போது மேலே பழுப்பு நிறத்தில் ஒரு படலம் நிற்கும், அதன் பெயர் கிரீமா. சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் காபித் தூளுக்குள் போவதால் தூளிலிருக்கும் வாயுவும் எண்ணெயும் கலந்து வருவது அது. நம் ஃபில்டர் டிகாக்‌ஷனில் இது கிடையாது, அங்கே தண்ணீர் தன் பாரத்திலேயே இறங்குகிறது. அந்தக் கிரீமாதான் இங்கே சிலேட்டு. பாலைக் கொஞ்சம் உயரத்திலிருந்து மெல்லிசாக ஊற்றினால் அது படலத்தைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்விடும், மேலே நிறம் மாறாது. ஜக்கின் மூக்கைக் கோப்பையின் மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுவந்து ஊற்றினால் நுரை மேலே மிதக்கும், வெள்ளை தெரியும். உயரம், வேகம், நெருக்கம் இந்த மூன்றும்தான் வித்தை. ஒரே இடத்தில் ஊற்றிக் கடைசியில் குறுக்கே இழுத்தால் இதயம். நிறுத்தி நிறுத்தித் தள்ளினால் டூலிப். மணிக்கட்டை லேசாக ஆட்டிக்கொண்டே பின்னால் வந்தால் ரொசெட்டா என்கிற இலை. அன்னம் என்பது இலையும் டூலிப்பும் சேர்ந்த கலவை, கழுத்து தனி வேலை.

இந்தக் கலை ரொம்பப் பழையதல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் எஸ்பிரெஸோ விவாச்சே என்ற கடையை நடத்திய டேவிட் ஷோமர், 1989இல் இதய வடிவத்தையும் 1992இல் ரொசெட்டாவையும் தன் கடையில் நிலைப்படுத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் இத்தாலியில் லூயிஜி லூப்பியும் இதில் இறங்கியிருந்தார். அப்படியானால் இதயமும் இலையும்தான் அடிப்படை எழுத்து. உயிரெழுத்து பழகாமல் நேரே அன்னத்துக்குப் போகிறார்கள் நம் பிள்ளைகள்.

ஊற்றுவது பாதி வேலை. மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பாதிக்கு மேல், பாலைத் தயார் செய்வது. நம் ஊர் காபி மாஸ்டர் டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி ஆத்தும்போதும் நுரை வருகிறது. ஆனால் அந்தக் குமிழ்கள் பெரியவை, கண்ணுக்குத் தெரியும், சீக்கிரம் உடையும். அவற்றில் கோடு நிற்காது. ஸ்டீம் வாண்ட் என்கிற நீராவிக் குழாயால் வரவழைக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத குமிழ். குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பில் வைத்துத் தொடக்கச் சில நொடிகள் மட்டும் காற்றை உள்ளே விட வேண்டும். காகிதம் மெல்லக் கிழிகிற மாதிரி சத்தம் கேட்கும். ஜக் வெதுவெதுப்பாவதற்குள், அதாவது நம் உடம்புச் சூட்டுக்கு வருவதற்குள், அதை நிறுத்திவிட வேண்டும். பிறகு நுனியைக் கொஞ்சம் உள்ளே இறக்கிப் பாலைச் சுழல விட்டால் பெரிய குமிழ்கள் உடைந்து பொடியாகி, பால் முழுக்க ஒரே பதமாக வரும். 55 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். 70ஐத் தாண்டினால் குமிழைச் சுற்றித் தாங்கி நிற்கும் புரதம் கெட்டு நுரை தளர்ந்துவிடும், காய்ச்சிய பால் வாசனையும் வந்துவிடும். இந்தச் சூட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "ஆறின காபியா கொடுக்கறே?" என்று மாமி என்னைக் கேட்டதை இங்கே விவரிக்க வேண்டாம்.

ஹைதராபாத்தில் பால் ஒரு தனிப் பிரச்சினை. இது அடிப்படையில் டீ ஊர். சார்மினார் பக்கத்து நிம்ராவிலும் லக்டி கா புல் பக்கத்து நிலோஃபரிலும் ஒஸ்மானியா பிஸ்கட்டோடு குடிக்கிற இரானி சாய்க்குப் பாலைத் தனியாகக் காய்ச்சிச் சுண்ட வைப்பார்கள். ஆகவே கெட்டியான பால்தான் நல்ல பால் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. விஜயா, ஹெரிடேஜ், ஜெர்சி, தொட்லா என்று எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் ஃபுல் கிரீமில் கொழுப்பு குறைந்தது 6 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டில் 4.5, டோன்டில் 3. ஃபுல் கிரீம் நாக்குக்குச் சுகம், ஆனால் நுரை கனத்து மெதுவாக நகரும். இலையின் நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டோன்டு பாலில் நுரை எளிதாக வரும், ஆனால் சீக்கிரம் பிரிந்துபோகும். எங்கள் கடையில் பழகுவதற்கு நடுவிலிருப்பதை எடுக்கிறோம். தேதி முடியப்போகும் பாலை எடுக்கவே மாட்டோம். நாள்பட்ட பாலில் கொழுப்பு சிதைந்து, எவ்வளவு கைதேர்ந்தவர் ஸ்டீம் செய்தாலும் நுரை சோடா மாதிரிப் பொரிந்து அடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறபோது ஜக்கையும் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்போம். பால் எவ்வளவு குளிராகத் தொடங்குகிறதோ அவ்வளவு நேரம் அதைச் சுழற்றிப் பதப்படுத்தக் கிடைக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போட்டி நடக்கும் இடத்தில் உங்கள் பால் இருக்காது. சின்னப் போட்டிகளில் அந்தக் கடையின் பால், அந்தக் கடையின் காபிக் கொட்டை, அந்தக் கடையின் மெஷின். பெரிய போட்டிகளில் விளம்பரதாரர் கொடுக்கிற பால். ஒரே பிராண்டில் ஒரே கொழுப்பில் பழகிவிட்டு வருகிற பையன் அங்கே திணறுவான். அதனால் போட்டிக்கு முந்தைய நாட்களில் நான் வேண்டுமென்றே பாக்கெட்டை மாற்றி மாற்றி வைப்பேன். திட்டுவார்கள், திட்டட்டும்.

பால் விலை பழகுகிறவர்களுக்குப் பெரிய கவலை. ஒரு லிட்டரில் ஆறு கோப்பை வந்தால் அதிகம், முதலாளி எவ்வளவு பாலுக்குக் கண்ணை மூடிக்கொள்வார்? அதற்கும் வழி உண்டு. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு ஸ்டீம் செய்து பழகலாம். சத்தமும் சுழலும் ஏறக்குறைய பாலைப் போலவே இருக்கும். ஊற்றிப் பழக எஸ்பிரெஸோவே வேண்டியதில்லை. கோகோ பவுடரைக் கரைத்து வைத்தால் கைக்கு வித்தியாசம் தெரியாது. ஜக்கை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்லாமலே எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

இனி த்ரோடவுன். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ், கச்சிபௌலி, கொண்டாப்பூர் என்று காபிக் கடைகள் பெருகிய பிறகு ஊரில் பாரிஸ்டாக்கள் ஒரு கூட்டமாகவே ஆகிவிட்டார்கள். ராத்திரி வேலை முடிந்த பிறகு ஏதாவது ஒரு கடையில் கூடி நடத்தும் லாட்டே ஆர்ட் போட்டிக்குத்தான் த்ரோடவுன் என்று பெயர். நுழைவுக் கட்டணம் சொற்பம். சீட்டுக் குலுக்கி இருவர் இருவராக ஜோடி சேர்ப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் மெஷின் முன் நிற்பார்கள், ஆளுக்கு ஒரு கோப்பை. சில இடங்களில் பகடை உருட்டி எந்த வடிவம் என்று முடிவு செய்வார்கள். யாருடைய கோப்பை எது என்று சொல்லாமல் இரண்டையும் நடுவர்கள் முன் கொண்டுவந்து வைப்பார்கள். மூன்று பேர் சுற்றி நின்று குனிந்து பார்ப்போம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் மூவரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான், ஒருவர் வெளியே. ஆரவாரம் காது கிழியும். நீதி பரிபாலனம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். ஆனால் விரலைத் திருப்பி எடுக்க முடியாது.

புதியவர்களை முதலில் இங்கே அனுப்புவதற்கான காரணத்தை இப்போது சொல்கிறேன். இங்கே பேச வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இங்கிலீஷ் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். பாரிஸ்டா போட்டியில் பதினைந்து நிமிடம் நடுவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று கேட்டவுடனே "நமக்கு வேண்டாங்க்கா" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். த்ரோடவுனில் கை மட்டும் பேசினால் போதும். நூறு பேர் பார்க்கும்போது கை நடுங்குவதும், அந்த நடுக்கத்தோடே பாலை ஊற்றி முடிப்பதும் இங்கே பழகிவிடும். உலகப் போட்டி விதிகளில் மொழிபெயர்ப்பாளரை அழைத்துவர அனுமதி உண்டு என்பதை மெல்லப் பிறகு சொல்வேன். அதைக் கேட்டதும் முகம் மாறும்.

உலக லாட்டே ஆர்ட் சாம்பியன்ஷிப்பில் விரல் நீட்டுவதில்லை, மதிப்பெண் தாள் இருக்கிறது. அங்கேதான் என் "இன்னொன்னு போடு" விதி எழுத்திலேயே இருக்கிறது. போட்டியாளர் தான் போடப்போகும் வடிவத்தின் படத்தை முன்கூட்டியே நடுவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரே மாதிரி இரண்டு கோப்பை போட வேண்டும். படத்தோடு கோப்பை பொருந்துகிறதா, கோப்பையோடு கோப்பை பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். தற்செயலாக வந்த அழகுக்கு அங்கே இடமில்லை. தாய்லாந்தின் ஆர்னன் திதிபிரசர்ட் 2017இல் புடாபெஸ்டில் பட்டம் வாங்கினார், மலேசியாவின் இர்வின் குவெக் அடுத்த வருஷம் பிரேசிலில் வாங்கினார். ஆசியக் கைகளுக்கு இது எட்டாத உயரம் ஒன்றுமில்லை.

பாரிஸ்டா சாம்பியன்ஷிப் வேறு உலகம். 2000இல் மொனாக்கோவின் மான்டி கார்லோவில் முதல் உலகப் போட்டி நடந்தது, நார்வேயின் ராபர்ட் தோரசன் ஜெயித்தார். போட்டியின் அமைப்பு இன்றுவரை அதிகம் மாறவில்லை. 15 நிமிடத்தில் 12 பானம். நான்கு எஸ்பிரெஸோ, நான்கு பால் காபி, போட்டியாளர் தானே உருவாக்கிய சிக்னேச்சர் பானம் நான்கு. சிக்னேச்சரில் மது கூடாது. ருசி பார்க்கிற சென்சரி நடுவர்கள் நால்வர், ஆளுக்கு ஒவ்வொன்று. அவர்களைத் தவிர டெக்னிக்கல் நடுவர் கவுண்டருக்குப் பின்னால் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பார். தலைமை நடுவர் தனி.

புதியவர்களைக் கலங்கடிப்பது இந்த டெக்னிக்கல் நடுவர்தான். தூள் சிந்துகிறதா, கூடை துடைத்து ஈரமில்லாமல் இருக்கிறதா, போர்டாஃபில்டரை மாட்டுவதற்கு முன் தண்ணீரைத் திறந்து விட்டாயா, ஸ்டீம் வாண்டை முன்னும் பின்னும் ஊதி விட்டாயா, உடனே துடைத்தாயா, எந்தத் துணியால் துடைத்தாய்? பலவற்றுக்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் குறி. ஆனால் இதற்காகத் தனியாகப் பழக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கட்சி. ஸ்டீம் வாண்டுக்கு ஒரு துணி, கூடைக்கு ஒரு துணி, மேசைக்கு ஒரு துணி என்பது எந்த நல்ல கடையிலும் தினப்படி ஒழுங்கு. சனிக்கிழமை மாலை இருபது ஆர்டர் வரிசையில் நிற்கும்போதும் அதை விடாதவர்களுக்கு மேடையில் கை தானாகப் போகும். மேடைக்காக மட்டும் சுத்தம் பழகியவர்கள் ஏழாவது நிமிடத்தில் தங்கள் பழைய கைக்குத் திரும்பிவிடுவார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், சொல்லி வைத்தாற்போல ஏழாவது எட்டாவது நிமிடம்தான்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் போட்டியாளரே கையைத் தூக்கி "டைம்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் கடிகாரம் நிற்கும். கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் போகும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு மதிப்பெண் கழியும், ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் போட்டியிலிருந்தே நீக்கம். விதிப் புத்தகம் இலவசமாகக் கிடைக்கிறது, நான் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. படிக்கிறவர்கள்தான் குறைவு.

மதிப்பெண் முறையையும் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒவ்வொரு அம்சத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை, நடுவில் அரை மதிப்பெண்களும் உண்டு. ஒன்று என்றால் 'ஏற்கத்தக்கது'. இரண்டு சராசரி. மூன்று நன்று. ஆறு என்பது அபூர்வம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு இத்தனை என்று பார்த்துப் பழகிய நம் பிள்ளைகள் தாள் முழுக்க இரண்டரையும் மூன்றுமாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்குகிறார்கள். முதல் போட்டியில் மூன்று வாங்குவது கௌரவம் என்று யாராவது முன்னாலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்த கேள்வி காபிக் கொட்டை. யூட்யூபில் உலக சாம்பியன்களைப் பார்த்துவிட்டு, பனாமாவின் கேஷா வகை வேண்டும் என்று வந்து நிற்பார்கள். 2022இல் மெல்போர்னில் ஜெயித்த அந்தோனி டக்ளஸ் பாலையே உறைய வைத்து நீரை நீக்கிச் செறிவாக்கிப் பயன்படுத்தினார் என்று சொல்லி, நம் கடை ஃப்ரீசரை ஒருவித ஆசையோடு பார்த்த பையன் ஒருவனும் உண்டு. இதெல்லாம் முதல் தடவைக்கு வேண்டாம். ஹைதராபாத்காரர்களுக்கு நான் சொல்வது அரக்கு. விசாகப்பட்டினத்துக்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடி விவசாயிகள் வளர்க்கும் அரபிகா. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த ஐந்து இந்தியக் காபிகளில் ஒன்று. அந்த விவசாயிகளோடு நீண்ட காலமாக வேலை செய்யும் நாந்தி ஃபவுண்டேஷனின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி ரயிலேறினால் காலையில் விசாகப்பட்டினம், அங்கிருந்து மலையேறித் தோட்டத்துக்கே போய்ப் பார்க்கலாம், வளர்த்தவரிடம் தெலுங்கில் பேசலாம். மேடையில் நடுவர் முன் நின்று பழத்தைப் பறித்தது எப்படி, உலர்த்தியது எப்படி என்று சொல்லும்போது இணையத்தில் படித்துச் சொல்வதற்கும் பார்த்துச் சொல்வதற்கும் குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

சிக்கமகளூர்க் காபியை எடுத்தாலும் சரிதான். காபி போர்டு 2002இல் நடத்திய ருசிப் போட்டியில் சிறந்த அரபிகா என்று விருது வாங்கிய எஸ்.எல்.என். 9 இந்தியாவிலேயே உருவாக்கிய ரகம். விளையும் நாட்டுக்காரர்கள் இந்த மேடையில் ஜெயிக்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். எல் சால்வடோரின் அலெஹாந்த்ரோ மெண்டஸ் 2011இல் ஜெயித்தபோதுதான் காபி விளைகிற நாடு ஒன்று முதல் தடவையாகப் பட்டம் வாங்கியது. அடுத்த வருஷம் குவாத்தமாலா. 2023இல் பிரேசிலின் போராம் உம், 2024இல் இந்தோனேசியாவின் மிக்கேல் ஜாசின். இந்தியப் பெயர் இன்னும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. காபி குடிக்கிற நாடுகளில் ஒரு பாரிஸ்டா கையில் புழங்கும் மெஷினும் கிரைண்டரும் இங்கே சமீப காலம் வரை எத்தனை கடைகளில் இருந்தன? காரணத்தை அங்கே தேட வேண்டும்.

இந்தியாவில் காபி போர்டின் துணையோடு காபித் துறை அமைப்புகள் தேசிய பாரிஸ்டா சாம்பியன்ஷிப்பை நடத்துகின்றன. அதில் ஜெயிப்பவர் உலகப் போட்டிக்குப் போவார். இறுதிச் சுற்று பெரும்பாலும் பெங்களூர்ப் பக்கம் என்பதால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம், கண்ணாடிக் கோப்பைகளை உடையாமல் கொண்டுபோகும் கவலை எல்லாம் சேரும். கடை முதலாளி செலவை ஏற்றால் உண்டு, இல்லாவிட்டால் சம்பளத்தில் விழும். இந்தச் செலவை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, பேச வேண்டும். பெங்களூரில் இல்லாவிட்டால் முடியாது என்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மிதிலேஷ் வஸல்வார். ஆரஞ்சுக்குப் பேர் போன நாக்பூரில் காபி வறுக்கும் தொழில் நடத்திக்கொண்டே தேசியப் பட்டம் வாங்கி, உலக மேடையில் இந்தியாவுக்காக நின்றவர். கடையின் ஆதரவு இல்லாவிட்டால் முடியாது என்கிறவர்களுக்கு இன்னொரு பெயர், 2018இல் ஆம்ஸ்டர்டாமில் உலகப் பட்டம் வாங்கிய முதல் பெண்ணான போலந்தின் அக்னியெஷ்கா ரொயெவ்ஸ்கா. அவர் அப்போது எந்தக் கடையையும் சாராமல் தனியாகத் தொழில் செய்தவர். அடிப்படையை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு பெங்களூரில் காபி போர்டு நடத்தும் 'காபி சாஸ்திரா' என்ற குறுகிய காலப் பயிற்சியும் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் எங்கள் கடைப் பையன் ஒருவன், வாரங்கல்காரன், முதல் த்ரோடவுனுக்குப் பெயர் கொடுத்தான். வழக்கம்போல அன்னத்தோடு வந்தான். இதயம் போடு என்றேன்.

"அக்கா, ஹார்ட் எல்லாம் சேர்ந்த முதல் வாரமே போட்டாச்சே. எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டா. கண்ணை மூடிக்கிட்டு வர்ற அளவுக்கு ஒன்னு இருக்கா உன்கிட்ட?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பழகினான். இதயம், அதன் பிறகு மூன்று அடுக்கு டூலிப், வேறெதுவும் இல்லை. அன்றைக்கு நான் நடுவர் இல்லை, கூட்டத்தில் நின்றேன். முதல் சுற்றில் எதிரே வந்தவர் அன்னம் போட்டார், கழுத்து ஒடிந்திருந்தது. மூன்று விரல்களும் இவன் கோப்பையைக் காட்டின. இரண்டாவது சுற்றில் ஒரு மணிப்பூர்ப் பெண். இருவரும் டூலிப். இரண்டும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தன. இரண்டு விரல் அவள் பக்கம், ஒன்று இவன் பக்கம். வெளியேறிவிட்டான்.

வெளியே வந்து பைக் மேல் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டும் ஒன்னுதானேக்கா, ஏன் அந்தப் பக்கம் காட்டினாங்க?" என்று கேட்டான். என்னைக் கேட்டு என்ன பயன், விரல் நீட்டியவரிடம் போய்க் கேள் என்றேன். தயங்கினான், பிறகு போனான். புதியவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். தோற்றதும் நண்பர்களோடு பிரியாணிக்குப் போய்விடுவார்கள். பெரிய போட்டிகளிலும் முடிந்த பிறகு மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு நடுவர்கள் பேசுவார்கள், கேட்டால் விளக்குவார்கள். கேட்க வேண்டும்.

நடுவர் அவனிடம் கோப்பையையே எடுத்துக் காட்டினாராம். வடிவத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் கைப்பிடியை வலப்பக்கம் வைத்துக் குடிப்பவர் பார்க்கிற மாதிரி பிடித்தால், அவன் டூலிப் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அந்தப் பெண்ணுடையது நேராக நின்றது. ஊற்றத் தொடங்கும்போதே கோப்பையைச் சற்றுத் திருப்பிப் பிடித்திருக்கிறான்.

இப்போதெல்லாம் கடையில் கோப்பையைக் கையில் எடுத்ததும் அவன் முதலில் பார்ப்பது கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான். அந்த வித்தியாசத்தை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அடுத்த த்ரோடவுன் தேதி வந்திருக்கிறது. அன்னம் போடலாமா என்று மறுபடியும் கேட்கிறான்.